வெயிலில் காய்ந்த செலினியம்

இந்த மாதம் நான் மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முதல் தடவை, பழைய அலமாரிச் சாவி ஒன்று என்னிடம் தங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு போனேன். இரண்டாம் தடவை, குடையை மறந்துவிட்டேன் என்றேன். அந்தக் குடையை முதல் தடவை நானே வேண்டுமென்று வைத்துவிட்டு வந்திருந்தேன். மூன்றாம் தடவை ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தின் கிழக்கு ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று, திரை இழுத்துவிட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இழுத்துவிட்டுத்தான் இருந்தது. அதற்குள் என் மகள் நூர்ஜகான் வெளியே வந்துவிட்டாள்.

"அத்தா, இங்க எதுக்கு நிக்கிறீங்க? உள்ள எல்லாரும் சிரிக்கிறாங்க. வீட்டுக்குப் போங்க அத்தா."

இருபது வருடம் நான் உட்கார்ந்த ஸ்டூலில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். போன ஆனியில் எனக்கு ஐம்பத்தைந்து முடிந்தது, ஓய்வு கொடுத்தார்கள். அவள் மதுரையில் பயிற்சி முடித்து வந்து இந்த மாதம்தான் அதே வேலையில் சேர்ந்தாள். ஊரில் எல்லோரும் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். வாழ்த்துக் கேட்ட ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தக் கிழக்கு ஜன்னல்தான் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் தடவை போய்வந்த அன்று மாலை அவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். "அத்தா, அகரத்துல இருந்து ஒரு அம்மா வந்துச்சு. பேரு ராக்கம்மாளாம். மகளுக்குச் சக்கரை பாக்கக் கூட்டிட்டு வந்துச்சு. நான் யாருன்னு கேட்டுச்சு, சொன்னேன். ஒடனே, 'வெயில்ல வைக்கலயே?'ன்னு கேட்டுச்சு. எதை அத்தா வெயில்ல வைக்கிறது?"

"மருந்தா இருக்கும்" என்றேன்.

"மருந்தையா? என்னையப் பாத்துல்ல கேட்டுச்சு."

நான் கை கழுவ எழுந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி ஊழியர்கள் வெளியிடும் மலருக்கு ஏதாவது எழுதிக்கொடுக்கும்படி இளைய ஊழியர்கள் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். புதிய கருவி வந்திருக்கிறதாம். பழைய கருவியைப்பற்றி எழுதவேண்டுமாம். எழுதுகிறேன். மகளிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாததை இதில் எழுதிவிடலாம் என்ற எண்ணமும் இருக்கிறது.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சிறியது. யுத்த காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் குழாய் கழுவப் போனேன். அங்கே மலேரியா ரத்தம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். பேகம்பூரில் என் அத்தா தோல் ஷாப்பில் பதனிடும் வேலையில் இருந்தார். ஊர் திரும்பியதும் நானும் அங்கேயே சேருவேன் என்று எதிர்பார்த்தார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் இந்த ஆஸ்பத்திரியில் ஆள் எடுத்தபோது நான் இங்கே வந்துவிட்டேன்.

அப்போது சர்க்கரை பார்ப்பது கண்ணால்தான். ரத்தத்தில் சில மருந்துகளைச் சேர்த்துக் கொதிநீரில் வைத்தால் நீல நிறம் வரும். சர்க்கரை அதிகமானால் நீலமும் அதிகம். அளவு தெரிந்த ஒரு நீலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு குழாய்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்ப்போம். மேகம் மூடினால் ஒரு எண் வரும், வெயில் அடித்தால் வேறு எண் வரும். எனக்குப் பசித்தால் மூன்றாவது எண் வரும்.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பு டாக்டர் ரெஜினா. ஒல்லியான உருவம், தடித்த கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சில். ஆய்வுக்கூடத்துக்குள் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தியும் கேட்டதில்லை. நான் கொண்டுபோகும் எண்ணை என்னையே வாசிக்கச் சொல்வார். பிறகு பென்சிலால் மேஜையை ஒருமுறை தட்டிவிட்டுக் கேட்பார்: "காலைல பாத்த நீலமும் மத்தியானம் பாத்த நீலமும் ஒண்ணுதானா இப்ராகிம்?"

எனக்குக் கோபம் வரும். மறுபடியும் குழாயை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போவேன்.

ஐம்பதுகளின் நடுவில் அவரே அலைந்து திரிந்து ஒரு கருவியை வரவழைத்தார். கலரிமீட்டர் என்று பெயர். நிறத்தை அளக்கும் பெட்டி. ஒரு பக்கம் சிறிய பல்பு, நடுவில் சிவப்புக் கண்ணாடியும் குழாய் வைக்கும் துளையும், மறுபக்கம் ஒரு செல். மேலே நூறு வரை கோடு போட்ட தட்டில் ஒரு முள். குழாயில் நீலம் அதிகமானால் அதைத் தாண்டிச் செல்லுக்குப் போய்ச்சேரும் வெளிச்சம் குறையும், முள் இறங்கும். பக்கத்து மாவு மில் ஓடத் தொடங்கினால் விளக்கு மங்கிவிடும் என்பதால் அந்தப் பல்பை மட்டும் ஒரு கார் பேட்டரியில் எரித்தோம்.

அந்தச் செல்லைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய இரும்புத் தகடு. அதன்மேல் செலினியம் என்ற பொருளைச் சாம்பல் நிறத்தில் மெல்லப் பூசியிருக்கும். அதற்கும் மேலே தங்கப் பூச்சு. வெளிச்சமே ஊடுருவிப் போகும் அளவுக்கு மெல்லியது. தகடு, செலினியம், தங்கம், இவ்வளவுதான். பேட்டரி இல்லை, கம்பிச் சுருள் இல்லை. வெளிச்சம் பட்டால் மின்சாரம் ஓடும். வெளிச்சம் கூடினால் கூடும், குறைந்தால் குறையும். முதல் நாள் நான் அதன்மேல் விரலை நீட்டி நிழல் விழச் செய்தேன், முள் சரிந்தது. விரலை எடுத்தேன், முள் ஏறியது. கால் மணி நேரம் இதையே செய்துகொண்டிருந்தேன்.

வார்டு ஆயா அந்தோணியம்மா எட்டிப் பார்த்தாள். "தங்கமா பாய்? சொரண்டுனா ஒரு மூக்குத்திக்குத் தேறுமா?"

"தேறும். கொசு போட்டுக்கிற அளவுக்குத் தேறும்."

"அதுக்கா இம்புட்டுக் காவலு!" என்று போய்விட்டாள்.

டாக்டர் ரெஜினா எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது. முதலில் வெற்றுக் குழாய். ரத்தம் இல்லாமல் மருந்துகள் மட்டும் உள்ளது. அதை வைத்துத் பெட்டியின் பக்கத்தில் உள்ள திருகைத் திருப்பி முள்ளை நூறில் நிறுத்த வேண்டும். அடுத்து ஸ்டாண்டர்டு, அதாவது அளவு தெரிந்த சர்க்கரைக் குழாய். பிறகு நோயாளியின் குழாய். அதோடு முடிந்ததாக நினைக்கக் கூடாது. மறுபடியும் ஸ்டாண்டர்டை வைத்துப் பார்க்கவேண்டும்.

"முதல்ல வச்சாச்சே டாக்டர்" என்றேன் நான்.

"நடுவுல அது மாறியிருந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு அளவுக்கு நடுவில் மூடியைச் சாத்திவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. "வெளிச்சத்துலதான் அது வேலை செய்யும். அதுக்காக எந்நேரமும் வெளிச்சத்துலயே வச்சா களைச்சுப் போயிரும். இருட்டுல கெடந்தாத்தான் தேறும்" என்றார். ஈரமும் ஆகாது. செல்லுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஈரம் உறிஞ்சும் உப்பு இருக்கும். சனிக்கிழமைதோறும் அதை எடுத்து வறுத்து மறுபடி வைப்பது என் வேலை. கறுப்புத் தாளில் சுற்றிய மாற்றுச் செல் ஒன்று டாக்டரின் அலமாரியில் இருந்தது. சாவி அவரிடம்.

கருவி வந்த பிறகு அவருடைய கேள்வியும் மாறிவிட்டது. எண்ணை வாசித்தவுடன் பென்சில் தட்டும். "இது முள்ளு சொன்னதா, நீங்க சொன்னதா?"

"முள்ளு சொன்னது டாக்டர்."

"கடைசி ஸ்டாண்டர்டு?"

"சரியா இருக்கு டாக்டர்."

ஆண்டுக்கணக்கில் தினமும் இதே மூன்று வரிகள். எந்தப் பேச்சும் தினமும் பேசினால் வாய்க்குப் பழகிவிடும். மூளையைக் கேட்காமல் தானாகவே வந்துவிடும். இது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் முத்துலட்சுமி எங்களிடம் வந்தாள். அகரத்தில் கனகாம்பரத் தோட்டம் போடும் குடும்பம். ஒன்பது வயதில் சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் இன்சுலின் ஊசி. அவள் அம்மா ராக்கம்மாள் கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்துத் தானே போடக் கற்றுக்கொண்டவள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை வெறும் வயிற்றோடு மகளை முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். என்னை முத்து 'பாய் மாமா' என்பாள். கையை நீட்டும்போதே பேசத் தொடங்கிவிடுவாள்.

"இன்னைக்கு எம்புட்டு வரும்னு சொல்லவா பாய் மாமா? நூத்தி முப்பது. பந்தயம்."

பாதி நாள் அவள் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில்தான் வரும். தன் உடம்பை அவ்வளவு கவனித்து வைத்திருந்தாள். என் மகள் நூருவுக்கும் அவளுக்கும் ஒரே வயது.

அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது ஓர் ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. அதற்கு முந்தைய சனிக்கிழமை நூருவுக்குக் காய்ச்சல் என்று நான் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டேன். உப்பை வறுத்து வைக்கவில்லை. திங்களன்று செய்யலாம் என்று நினைத்தேன். திங்களும் போயிற்று.

நான்காம் நாள் காலை மழை விட்டு, முகத்தில் அறைவதுபோல வெயில் அடித்தது. பெட்டியைத் திறந்தேன். கிண்ணத்தில் உப்பு இல்லை, தண்ணீர்தான் இருந்தது. செல்லின் தங்க முகத்தில், கண்ணாடியில் வாய்வைத்து ஊதினதுபோல மெல்லிய ஈரம். முள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடியது.

டாக்டரிடம் போய் மாற்றுச் செல்லைக் கேட்டிருக்கலாம். கேட்டால் உப்பைப்பற்றிச் சொல்லவேண்டும். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வளாகம் முழுக்கப் படுக்கை விரிப்புகள், தலையணைகள், பாய்கள். மூன்று நாள் நனைந்ததையெல்லாம் ஊரே வெயிலில் போட்டிருந்தது. நானும் செல்லைக் கழற்றி, துவைத்த துணி ஒன்றை ஜன்னல் திண்டில் விரித்து, அதன்மேல் வைத்தேன். முகம் சூரியனைப் பார்க்கும்படி வைத்தேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு வேறு. வெளிச்சத்தால் களைத்துப்போகும் பொருள் என்று எத்தனை வருடமாகத் தெரியும்! ஆனால் ஈரமான ஒன்றைக் கையில் பிடித்தால் எங்கள் ஊர்க் கைக்கு வெயிலைத் தவிர வேறு வழி தெரியாது.

ஒரு மணி நேரம் கழித்து எடுத்தபோது விரல் சுட்டது. ஈரம் போயிருந்தது. மாட்டினேன். முள் ஆடவில்லை. ஆனால் வெற்றுக் குழாய்க்கு முள்ளை நூறில் நிறுத்தத் திருகை ஏறக்குறைய கடைசிவரை திருப்ப வேண்டியிருந்தது. வழக்கமாகப் பாதி திருப்பினால் போதும். அதைக் கவனித்தேன். கவனித்தும் மேலே போனேன். நேரம் ஆகிவிட்டது, வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். மூடியைச் சாத்தித் திறக்கவும் பொறுமையில்லாமல் திறந்தபடியே விட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாக வைத்தேன்.

கடைசிக் குழாய் முத்துவினுடையது. அம்மாவும் மகளும் உள்ளே வந்தபோதே சண்டையோடுதான் வந்தார்கள். முந்தின நாள் மழையோடு மழையாக அவர்கள் ஊரில் திருவிழா. வீட்டில் மாவிளக்கு எடுத்திருக்கிறார்கள். அரிசி மாவும் வெல்லமும் பிசைந்தது. தட்டில் வைத்த மாவு காலையில் குறைந்திருக்கிறது.

"நீதான் அள்ளித் தின்னுருப்ப."

"நான் தின்னலம்மா."

"அப்ப எலி தின்னுச்சா?"

"எலியத்தான் கேக்கணும்."

நான் சிரித்துக்கொண்டே குழாயை வைத்தேன். முள் இறங்கிக்கொண்டே போயிற்று. கணக்குப் போட்டுப் பார்த்தேன். முந்நூற்று இருபது. சிரிப்பு நின்றுவிட்டது.

"எம்புட்டு பாய்?" என்றாள் ராக்கம்மாள். நோயாளிகளிடம் எண்ணைச் சொல்லக்கூடாது என்பது விதி. இவர்களிடம் எப்போதும் சொல்லிப் பழகியிருந்தேன். சொன்னேன்.

பளாரென்று ஒரு அறை. "சாகப் போறியாடி? ஒரு வாய் மாவுக்காகச் சாகப் போறியா?"

முத்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தாள். "சத்தியமா தின்னல பாய் மாமா. நீங்க சொல்லுங்க."

நான் சொன்னது இது: "முள்ளு பொய் சொல்லாது பாப்பா."

இந்த வரியை எழுதிவிட்டுச் சிறிது நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

கடைசி ஸ்டாண்டர்டை வைக்கவில்லை. வைக்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. பிள்ளை மாவு தின்றிருக்கிறாள், சர்க்கரை ஏறியிருக்கிறது. கதையும் எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்திப் போயின. பொருந்தியதை யாரும் சோதிப்பதில்லை. டாக்டரிடம் போனேன். பென்சில் தட்டியது.

"இது முள்ளு சொன்னதா, நீங்க சொன்னதா?"

"முள்ளு சொன்னது டாக்டர்."

"கடைசி ஸ்டாண்டர்டு?"

"சரியா இருக்கு டாக்டர்."

அவர் இன்சுலின் அளவைக் கூட்டி எழுதினார். ஊசி போட்டு அரை மணியில் பிள்ளைக்குக் கட்டாயம் சாப்பாடு கொடுக்கவேண்டும், மத்தியானம்வரை இங்கேயே இருக்கவேண்டும் என்று ராக்கம்மாளிடம் சொல்லி அனுப்பினார். ஊசியை அவளே போட்டாள். தூக்குவாளியில் இட்லி இருந்தது. ராக்கம்மாள் அதைத் திறக்கவில்லை. "நேத்துத் தின்னது மொதல்ல செரிக்கட்டும். செத்த நேரம் பட்டினி கெட" என்று வராந்தா பெஞ்சில் அவளை உட்காரவைத்தாள். இது எனக்குப் பிறகு தெரிந்தது.

மத்தியானம் பெட்டியை மூடுவதற்கு முன் குழாய்களைக் கழுவினேன். கையில் வெற்றுக் குழாய் இருந்தது. எதற்கென்று தெரியாமலே அதைத் துளையில் வைத்தேன். முள் நூறுக்குப் போகவேண்டும். ஐம்பதில் நின்றது. திருகைத் திருப்பினேன். திருப்ப இடமில்லை. குழாயைத் துடைத்து மறுபடி வைத்தேன். ஐம்பது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒரு கோடு இறங்கியது.

காலையிலிருந்து இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. வெயிலில் வெந்துபோன செல், பல்பு வெளிச்சத்தையும் தாங்காமல், குழாய்க்குக் குழாய் தளர்ந்துகொண்டே போயிருக்கிறது. அந்தச் சரிவு முழுவதையும் நான் முத்துவின் ரத்தத்தில் சர்க்கரையாக எழுதியிருக்கிறேன்.

ஓடினேன். வராந்தாவில் ராக்கம்மாள் முந்தானையால் விசிறியபடியே திட்டிக்கொண்டிருந்தாள். "நடிக்காதடி. பஸ்ஸுக்கு நேரமாச்சு, எந்திரி." முத்துவின் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். "ரெண்டு பாய் மாமா நிக்கிறீங்க" என்றாள். நாக்கு குழறியது.

"டாக்டரைக் கூப்பிடுங்க!" என்று அந்தோணியம்மாவிடம் கத்திவிட்டு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்ப ஓடினேன். ஸ்டாண்டர்டு கரைசல் செய்வதற்காக வாங்கிய குளுக்கோஸ் புட்டி அங்கே இருந்தது. கலப்பில்லாத குளுக்கோஸ். தராசில் மில்லிகிராம் பார்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு எடுப்பேன். அன்று கைநிறைய அள்ளித் தம்ளரில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். பாதி தரையில் சிந்தியது.

"என்னத்தக் குடுக்குறீக பாய்?"

"சக்கரைத் தண்ணி."

"சக்கரையா! பிள்ளையக் கொல்லப் போறீகளா?" ராக்கம்மாள் என் கையைத் தட்டிவிட வந்தாள். மூன்று வருடம் சர்க்கரையை விஷம் என்று சொல்லிக்கொடுத்தவர்களே நாங்கள்தானே. அவள் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டு, பிள்ளையை நிமிர்த்தி வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். விழுங்கினாள். டாக்டர் வந்துவிட்டார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. முத்துவின் பார்வை ஓரிடத்தில் நிலைத்தது. நாக்கால் உதட்டை நக்கிப் பார்த்தாள். "தண்ணி இனிக்குது" என்றாள். "நான் இத குடிக்கக் கூடாதுல்ல?"

டாக்டர் என்னை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போனார். அலமாரியைத் திறந்து, கறுப்புத் தாளைப் பிரித்து, மாற்றுச் செல்லை என் உள்ளங்கையில் வைத்தார். "மாட்டுங்க." இரண்டு முறை கோணலாக மாட்டிக் கழற்றினேன். அவர் உதவவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. காலையில் எடுத்த ரத்தத்தில் மிச்சம் இருந்ததை எல்லாப் படிகளும் முதலிலிருந்து செய்யவைத்தார். வெற்றுக் குழாய், ஸ்டாண்டர்டு, முத்து, மறுபடி ஸ்டாண்டர்டு. நூற்றுப் பதினெட்டு.

பதிவேட்டில் முந்நூற்று இருபதின்மேல் ஒரே ஒரு கோடு போடச் சொன்னார். "அடிச்ச எண்ணும் வாசிக்கத் தெரியணும்." பக்கத்தில் நூற்றுப் பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று காலை பார்த்த மற்ற எண்களும் சிறிது சிறிது தவறுதான். அவற்றையும் திரும்பச் செய்தோம். பென்சில் அன்று தட்டவில்லை.

"முந்நூத்தி இருவதுன்னு யார் சொன்னது?"

"நான் சொன்னது டாக்டர்."

"கடைசி ஸ்டாண்டர்டு வச்சீங்களா?"

"இல்ல."

அவர் வெந்துபோன செல்லைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "செல் கெட்டுப்போனா எங்கிட்ட வேற செல் இருக்கு இப்ராகிம். 'சரியா இருக்கு'ன்னு சொன்னீங்களே, அதுக்கு மாத்து எங்கிட்ட இல்ல." பிறகு, "போய் அந்தப் பிள்ளைகிட்ட சொல்லுங்க. அம்மாகிட்ட அப்புறம். மொதல்ல பிள்ளைகிட்ட."

கட்டிலருகே போய் நின்றேன். கருவி கெட்டுவிட்டது என்று தொடங்கினேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது. நான் அதை வெயிலில் வைத்துக் கெடுத்தேன், சோதிக்க வேண்டியதைச் சோதிக்கவில்லை, நீ சொன்னதுதான் உண்மை என்றேன்.

"நாந்தான் சொன்னேன்ல" என்றாள் முத்து. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ராக்கம்மாள் முதலில் என்னை ஏசினாள். "ஒரு உசுரக் கொன்னுருப்பீகளே பாய்! அதுவும் என் கையாலயே!" கொஞ்ச நேரத்தில் ஏச்சு நின்றது. மகளின் கன்னத்தைத் தடவியபடி உட்கார்ந்திருந்தாள். "நான் அடிச்சேனே, அத யாரு திருப்பி எடுப்பா?" என்று கேட்டாள். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

வீட்டில் என் அத்தாவிடம் மட்டும் சொன்னேன். நூரு அப்போது காய்ச்சல் விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தா தோல் ஷாப்பில் நாற்பது வருடம் இருந்தவர். தோல் பதனிடும் ஆவாரம்பட்டையின் வாடை அவர் கையைவிட்டுக் கடைசிவரை போகவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "செத்த ஆட்டுத் தோலையே நாங்க நெழல்லதான் காயப்போடுவோம். வெயில்ல போட்டா வெடிச்சுப் போகும்னு பயந்து. நீ உசுரு பாக்குற சாமானக் கொண்டுபோய் வெயில்ல வச்சியாக்கும்."

என்னை வேலையைவிட்டு அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். அனுப்பவில்லை. டாக்டர் ரெஜினா மாற்றலாகிப் போகும்வரை கடைசி ஸ்டாண்டர்டு வைக்கும் நேரத்துக்கு வந்து என் பின்னால் நின்றார். வாய்க்குப் பழகிப்போன அந்தக் கேள்விகளை அவர் மறுபடி கேட்கவேயில்லை. ராக்கம்மாள்தான் கேட்டாள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "வெயில்ல வைக்கலயே பாய்?" என்பாள். வராந்தாவில் எத்தனை பேர் இருந்தாலும் கேட்பாள். நான் பெட்டியைத் திறந்து காட்டுவேன். முத்து கையை நீட்டுவாள். எண்ணைப் பந்தயம் கட்டுவதில்லை. 'பாய் மாமா' என்று கூப்பிடுவதும் நின்றுபோயிற்று. நான் ஓய்வு பெறும்வரை எட்டு வருடம் அப்படித்தான்.

புதிய கருவியில் செல்லை யாரும் கழற்ற முடியாதாம். எல்லாம் உள்ளே வைத்து மூடியிருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று இளைய ஊழியர்கள் சொல்கிறார்கள். என் கவலை செல்லைப்பற்றியது அல்ல. முள் காட்டியதும் நாம் எதிர்பார்த்ததும் ஒன்றாக இருக்கிற நாள் ஒன்று எல்லோருக்கும் வரும். அந்த நாளில் ஸ்டூலில் என் மகள் உட்கார்ந்திருப்பாள். இதற்காகத்தான் வேப்பமரத்தடியில் நிற்கிறேன்.

கட்டுரையை இந்த இடத்தில் முடித்து, அலுவலகத்தில் கொடுத்துவிடும்படி நூருவிடம் தந்தேன். ஒட்டாத உறையில் வைத்துத்தான் தந்தேன். அவள் அன்றே படித்துவிட்டாள். மாலையில் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தப் பிள்ளை சத்தியமா இல்லன்னு சொல்லிச்சுல்ல. ஏன் அத்தா நம்பல?"

அவள் தாள்களை மடித்துத் திரும்ப என்னிடமே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எட்டு நாள் அதைப்பற்றிப் பேசவில்லை. நானும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. அந்த எட்டு நாளும் வீட்டில் எந்த இடத்திலும் என்னால் உட்கார முடியவில்லை. என் மனைவிதான் சலித்துக்கொண்டாள்: "ஒண்ணு வெளிய போங்க, இல்ல ஒரு எடத்துல உக்காருங்க."

நேற்று நூரு வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றே பேசத் தொடங்கினாள்.

"ராக்கம்மா வந்துச்சு அத்தா. அவங்க மகளும்."

நான் எழுந்து நின்றேன்.

"வெயில்ல வைக்கலயேன்னு கேட்டுச்சு. வைக்கலம்மா, நெழல்லதான் இருக்குன்னேன். பாத்தேன். எரநூத்தி எழுவது வந்துச்சு."

"கடைசி..."

"இருங்க அத்தா, சொல்றேன். எழுதுறதுக்கு முன்னாடி அந்த அக்காகிட்டயே கேட்டேன், ஏதும் சாப்டீங்களான்னு. தின்னலன்னாங்க. சத்தியமான்னேன். சத்தியமான்னாங்க. சரின்னு ஸ்டாண்டர்டு வச்சேன். கோடு மாறல. மறுபடியும் மொதல்ல இருந்து எல்லாம் செஞ்சேன். அதே எரநூத்தி எழுவது. போய், 'அக்கா, உங்கள நம்பி ரெண்டு தடவை பாத்துட்டேன், அதே நம்பர்தான் வருது, நான் என்ன எழுதட்டும்?'னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க அத்தா. அந்த அம்மா முறைக்குது, இவங்க வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாங்க. தெரு முக்குல ஒரு கல்யாண வீட்டுல அல்வாவாம்."

நூருவும் சிரித்தாள். பிறகு, மறந்துவிடக் கூடாது என்பதுபோல, சொன்னவர் சொன்னபடியே சொன்னாள்:

"'பாய் மாமாகிட்ட சொல்லு. அன்னைக்குத் தின்னாமலே அடி வாங்குனேன்ல, அதுக்குத்தான் இன்னைக்குத் தின்னுட்டேன்'னாங்க."